எண்ணிக்கையும் மனநிறைவும்: கே.ஜி.கண்டிகையிலிருந்து பார்க்கும் கைபேசி இணையச் சேவை

ஒரு சேவையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு கேள்வி. பயன்படுத்துவோர் அதில் எந்த அளவுக்கு மனநிறைவு அடைகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. கைபேசி இணையத்தைப் பற்றிய பேச்சில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. இணைப்புகளின் எண்ணிக்கை கூடினால் மக்கள் சேவையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றும், நாளொன்றுக்கு அவர்கள் செலவழிக்கும் டேட்டா கூடினால் அதில் நிறைவு கண்டுவிட்டார்கள் என்றும் முடிவு கட்டப்படுகிறது. மாற்று வழிகள் பல உள்ள பெருநகரத்துக்கு இம்முடிவு ஓரளவு பொருந்தலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டத்தின் கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களிலிருந்து பார்க்கும்போது, எண்ணிக்கைக்கும் மனநிறைவுக்கும் இடையே உள்ள தொலைவு தெளிவாகத் தெரிகிறது. பரவலில் பெருவெற்றி பெற்ற இந்தச் சேவைமுறை, பொறுப்புடைமையில் அதே அளவு வெற்றி பெற்றதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பரவலின் வரலாறு

கைபேசி இணையம் என்பது, வீட்டுக்குள் கம்பி வழியாக வராமல், கோபுரத்திலிருந்து வானலையாகப் புறப்பட்டுக் கைபேசியை நேரடியாக வந்தடையும் இணையத் தொடர்பு ஆகும். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15 அன்று, பொதுமக்களுக்கான இணையச் சேவையும் தொடங்கியது. எனினும், இரண்டும் ஒரே கருவியில் கூடிச் சிற்றூர்களை எட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மூன்றாம் தலைமுறைச் சேவை 2008ஆம் ஆண்டின் இறுதியிலும், நான்காம் தலைமுறைச் சேவை 2012இலும் நாட்டில் அறிமுகமாயின என்றாலும், விலை எளியோர் கைக்கு எட்டாமலே இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் பல மாதங்களுக்குக் கட்டணமில்லாச் சேவையுடன் களமிறங்கிய பிறகே நிலைமை தலைகீழாக மாறியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கணக்குப்படி, 2014இல் ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சராசரியாக ரூ.269 ஆக இருந்த செலவு, 2018இல் ஏறத்தாழ ரூ.12 ஆகக் குறைந்தது.

இவ்வீழ்ச்சியின் சமூகப் பயன் பெரிது. திருத்தணி வட்டாரம் உழவும் நெசவும் சென்னைக்கு ரயிலேறிச் செல்லும் வேலையும் கலந்த பகுதி. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்களால் அவற்றைக் கைபேசித் திரையிலேயே பார்க்க முடிகிறது. 2016இல் தொடங்கிய யுபிஐ பணப்பரிமாற்ற முறை 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிமாற்றங்களைக் கடந்தது என்றால், அதில் சிற்றூர்ப் பெட்டிக்கடைகளில் ஒட்டப்பட்ட கியூஆர் அட்டைகளுக்கும் பங்குண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களின் இணையவழிக் கல்விக்காக 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவைத் தமிழ்நாடு அரசு கட்டணமின்றி வழங்கியது. கல்விக்கு இணையம் இன்றியமையாதது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. இவை அனைத்தும் இச்சேவையின் நிறைகள் என்பதில் ஐயமில்லை.

இருபத்தெட்டு நாள் மாதம்

குறைகளை எடைபோடும்போது முதலில் நிற்பது விலை அமைப்பாகும். ஊர்ப்புறங்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது, பணத்தை முன்கூட்டியே செலுத்திக் குறிப்பிட்ட நாள்களுக்குச் சேவை பெறும் முன்பண முறையே. இதையே மக்கள் 'ரீசார்ஜ்' என்கிறார்கள். கூலி கிடைத்த நாளில் பணம் போட்டுக்கொள்ளலாம், மாதக் கடைசியில் எதிர்பாராத பில் வராது என்பவை இம்முறையின் நன்மைகள். ஆனால், 'ஒரு மாதம்' என்று வழங்கப்படும் திட்டங்களில் பல 28 நாள்களில் முடிந்துவிடுவதால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை செலுத்த வேண்டியவர் பதின்மூன்று முறை செலுத்துகிறார். ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 கோயில் படிகளுக்குப் பெயர்பெற்ற திருத்தணியில் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை: பதின்மூன்று முறை செலுத்தினாலும் 364 படிகளே ஏற முடியும்.

ட்ராய் 2022இல் தலையிட்டு, 30 நாள் செல்லத்தக்க திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. மாற்றுவழி பிறந்தது, ஆனால், பழைய வழக்கம் மறையவில்லை. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மூன்று முறை பெரிய கட்டண உயர்வுகள் வந்தன. கடைசி உயர்வில், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் ரூ.239இலிருந்து ரூ.299 ஆனது. அத்தகைய மூன்று எண்களுக்குப் பணம் போடும் குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு ரூ.11,600ஐத் தாண்டும். டேட்டா மலிவு என்ற கூற்று ஒரு ஜிபியின் விலையை வைத்துப் பார்த்தால் உண்மை. குடும்பத்தின் மொத்தச் செலவை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மையே.

இணையமே பயன்படுத்தாத முதியவரும் எண்ணைத் தக்கவைக்க டேட்டா சேர்ந்த திட்டத்துக்கே பணம் செலுத்த நேர்ந்தது இதைவிடப் பெரிய குறை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித்திட்டம் ஒன்றை வழங்க வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் விதி செய்தபோதே இக்குறை முறைப்படி ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பணம் செலுத்திய அந்த முதியவரும் டேட்டா சேர்ந்த திட்டத்தின் வாடிக்கையாளராகவே எண்ணப்பட்டார் என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

'கோடு முழுசா இருக்கு, நெட் சுத்துது'

சேவையின் தரத்தைப் பற்றிப் பொதுமக்கள் சொல்லும் குறைகளில், சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது மிகப் பரவலானது. இந்த எளிய வாக்கியம் தொழில்நுட்ப நோக்கில் துல்லியமானது. கோடுகள் காட்டுவது கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையை. வேகத்தை முடிவுசெய்வது அக்கோபுரத்தின் கொள்ளளவு. ஒரு கோபுரம் தனக்குரிய அலைவரிசையை அதே நேரத்தில் அதைப் பயன்படுத்தும் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கிறது. எனவே, வேலை முடிந்து ஊர் திரும்பியோர் அனைவரும் காணொளி பார்க்கும் மாலை வேளையில் ஒவ்வொருவரின் பங்கும் சுருங்குகிறது. கோபுரத்தை நிறுவனத்தின் முதன்மை வலையமைப்புடன் இணைக்கும் பின்னிணைப்பு கண்ணாடியிழையாக இல்லாமல் நுண்ணலை வழியாக இருந்தால், நெரிசல் அங்கேயும் நேரலாம். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு திருத்தணியில் திரளும் கூட்டத்துக்குள் நின்று கைபேசியை எடுப்பவருக்கு இந்தப் பகிர்வின் பொருள் உடனே விளங்கும்.

இத்துடன் நிலவமைப்பும் சேர்கிறது. தாழ்ந்த அலைவரிசைகளான 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால், அவற்றில் ஏற்றக்கூடிய டேட்டா குறைவு. ஐந்தாம் தலைமுறைக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் மிகுதியான டேட்டாவைச் சுமக்கும். ஆனால், விரைவில் வலுவிழந்து, குன்றாலும் கான்கிரீட் கூரையாலும் எளிதில் தடைபடும். 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவை ஒரு வட்டாரத்தை எட்டிவிட்டது என்று அறிவிக்கப்படும்போது, அது சாலையோரத்தை எட்டியதா, வீட்டின் உள்ளறையையும் எட்டியதா என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எல்லை தரும் சிக்கல் வேறு வகையானது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் நிகழ்ந்த எல்லைப் போராட்டத்தின் விளைவாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அரசியல் எல்லை அவ்வாறு தீர்ந்தது என்றாலும், வானலைக்கு அந்த எல்லை தெரியாது. நாட்டின் 22 தொலைத்தொடர்புச் சேவை வட்டங்களில் தமிழ்நாடும் ஆந்திரமும் தனித்தனி. எல்லையோர ஊர்களில், வலுவான அலையைத் தேடும் கைபேசி மறுபக்க வட்டத்தின் கோபுரத்தைப் பற்றிக்கொள்வது இயல்பு. 2017 வாக்கில் உள்நாட்டு ரோமிங் கட்டணங்கள் மறையும் வரை, தம் ஊரில் இருந்துகொண்டே வெளிமாநிலக் கட்டணம் செலுத்த நேரும் இடர் எல்லையோர மக்களுக்கு இருந்தது. போட்டியின் விளைவாக அது நீங்கியதைச் சேவையின் நிறைகளில் ஒன்றாகக் கணக்கிட வேண்டும்.

விலகும் உரிமையும் முறையிடும் உரிமையும்

நிறைவற்ற வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்று பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வகுத்துக் காட்டினார்: ஒன்று விலகிச் செல்வது; மற்றொன்று குரல் கொடுப்பது. கைபேசிச் சேவையில் முதல் வழிக்குத் துணைநிற்பது, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் 'போர்ட்' வசதி. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த இவ்வசதியின் வலிமையையும் வரம்பையும் தமிழ்நாடு 2018இல் ஒருசேரக் கண்டது. 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கி இங்கு முன்னணியில் நின்ற ஏர்செல் நிறுவனம், அவ்வாண்டு பிப்ரவரியில் நொடித்துப்போய் அதன் சேவை முடங்கியபோது, வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான குறியீட்டைக் குறுஞ்செய்தியில் பெறுவதற்கே சிக்னல் கிடைக்காமல் வாடிக்கையாளர்கள் திண்டாடினர். விலகும் உரிமையும் விலக வேண்டிய சேவையையே நம்பியிருந்தது என்பது அந்நிகழ்வு உணர்த்திய பாடம். மேலும், ஊருக்கு அருகில் ஒரு நிறுவனத்தின் கோபுரம் மட்டுமே நன்கு இயங்குமானால், விலகும் உரிமை ஏட்டளவில்தான் நிற்கும்.

இரண்டாம் வழியான முறையீட்டில், நிறுவனத்தின் புகார் மையம், அதன்மேல் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு என்ற இரண்டு படிகள் 2012ஆம் ஆண்டு விதிகளால் அமைந்தன. தனிமனிதர் புகார்களை ட்ராய் நேரடியாகத் தீர்த்துவைப்பதில்லை. நுகர்வோர் மன்றத்தை நாடும் வழி 2009ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் ஏறத்தாழ அடைபட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் அவ்வழியைத் திறந்துவிட்டது. எனினும், 299 ரூபாய்ச் சேவைக்காகக் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு யார் அலைவார்கள் என்ற நடைமுறைக் கேள்வி எஞ்சுகிறது. புகார்கள் குறைவாக வருவதை நிறைவின் அடையாளமாகக் கொள்ள இயலாமைக்கு இதுவே காரணம்.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகள் இவ்வகையில் ஒரு முன்னேற்றம். நிறுவனங்கள் தம் சேவை எட்டும் பரப்பை வரைபடமாக வெளியிட வேண்டும் என்றும், ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை பெருமளவில் முடங்கினால் முன்பண வாடிக்கையாளருக்குச் செல்லுபடி நாள்களை நீட்டித்துத் தர வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இவ்வகை இழப்பீடு பாராட்டுக்குரியது. ஆனால், அதன் அலகு மாவட்டம். ஒரு சிற்றூரின் ஒரே கோபுரம் இரண்டு நாள் செயலிழந்தாலும் மாவட்டக் கணக்கில் அது சிறு புள்ளியாகவே கரைந்துவிடக்கூடும்.

மனநிறைவை அளக்கும் முறை

வாடிக்கையாளர் மனநிறைவு என்பது எதிர்பார்ப்புக்கும் கிடைத்த அனுபவத்துக்கும் இடையே நிகழும் ஒப்பீடு என்று ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் விளக்கினார். சென்னை ஐஐடியில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியரான அ.பரசுராமன், இரு சக ஆய்வாளர்களுடன் 1988இல் வெளியிட்ட செர்வ்குவால் அளவுகோல், நம்பகத்தன்மை, விரைந்த உதவி, உறுதியளிப்பு, பரிவு, கண்ணுக்குப் புலனாகும் வசதிகள் என ஐந்து கூறுகளில் சேவைத் தரத்தை அளக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வணிகவியல் ஆய்வேடுகளில் இவ்வளவுகோல் பெரிதும் கையாளப்படுகிறது. கேள்விகள் ஒழுங்குபட அமைவதும் முடிவுகளை ஒப்பிட முடிவதும் இதன் வலிமை.

இதன் குறை இரண்டு இடங்களில் உள்ளது. எதிர்பார்ப்பு தாழ்ந்திருக்கும் இடத்தில் சுமாரான சேவைக்கும் உயர்ந்த மதிப்பெண் கிடைத்துவிடும் என்பது ஒன்று. மொட்டைமாடிக்கு ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று பழகிவிட்டவர் 'பரவாயில்லை' என்றே விடையளிப்பார். யாரிடம் கேட்கப்படுகிறது என்பது மற்றொன்று. கைக்கு எட்டியவர்களிடம் வினாத்தாளைக் கொடுக்கும் வசதி மாதிரி முறையில், கடைத்தெருவில் கைபேசியுடன் நிற்கும் இளைஞர்களே மிகுதியாக இடம்பெறுவர். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இணையத்தை எப்போதேனும் பயன்படுத்திய ஆண்கள் 70.2 விழுக்காடு, பெண்கள் 46.9 விழுக்காடு. இந்த இடைவெளியைக் கருதாத மனநிறைவு ஆய்வு, சேவைக்கு வெளியே நிற்போரின் மௌனத்தையும் ஒப்புதலாகக் கணக்கிட்டுவிடுகிறது.

விருப்பத்தால் பயன்படுத்துவதையும் கட்டாயத்தால் பயன்படுத்துவதையும் இவ்வாய்வுகள் பிரிப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. நூறு நாள் வேலையின் வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டபோது, வேலைத்தளத்தில் டவர் கிடைக்கிறதா என்பது கூலியோடு பிணைக்கப்பட்ட கேள்வியாயிற்று. நியாயவிலைக் கடையின் விரல்ரேகைக் கருவிக்கும் அதே வானலைதான் வழி. அரசு தன் கடமைகளை இவ்வலையமைப்பின்மேல் ஏற்றிவைத்த பிறகு, அதன் தடங்கல் தனியார் சேவையின் குறையாக மட்டும் நில்லாமல் உரிமை மறுப்பாகவும் ஆகிறது.

ஆகவே, இச்சேவைமுறையைப் பற்றிய தீர்ப்பு இரு பகுதிகளைக் கொண்டதாகவே அமையும். விலையைக் குறைத்து இணையத்தை ஊரின் கடைசித் தெரு வரை கொண்டுசென்றதில் அதன் வெற்றி மறுக்க முடியாதது. கொண்டுசென்ற சேவையின் தரத்துக்கு அந்தத் தெரு அளவில் பொறுப்பேற்பதில் அது இன்னும் தேறவில்லை. அளவீடு மாவட்டத்திலிருந்து ஊராட்சிக்கும், பகற்பொழுதிலிருந்து மாலைக்கும், சாலையிலிருந்து வீட்டுக்குள்ளும் இறங்க வேண்டும்; அளந்த முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்திய பின்னும் கே.ஜி.கண்டிகை வீடொன்றில் பாடம் தடையின்றி ஓடுகிறதா என்பதற்கு மாவட்டச் சராசரி விடை தராது. அந்த நேரத்தில், அந்த வீட்டுக்குள் அளந்தால்தான் தெரியும்.