'கேம்ப்', 'காலனி': மாட்டுங்கா வழக்கும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

ஆங்கிலத்தில் 'கேம்ப்', 'காலனி' ஆகிய இரு சொற்களும் மக்கள் கூடித் தங்கும் இடத்தைக் குறிப்பன. முன்னது வெளி, களம் எனப் பொருள்படும் 'காம்பஸ்' என்னும் இலத்தீன் பெயரினின்றும், பின்னது உழுதல், குடியிருத்தல் எனப் பொருள்படும் 'கொலெரெ' என்னும் இலத்தீன் வினையினின்றும் கிளைத்தவை. படை இறங்கிய களம் ஒன்று. குடி ஊன்றிய நிலம் மற்றொன்று. இதனடிப்படையில் முன்னதற்கு 'முகாம்' எனவும் பின்னதற்குக் 'குடியிருப்பு' எனவும் தமிழில் நிகரன் தருவர். தற்காலிகம், நிலைபேறு என்னும் இம்முரண் இடப்பெயர்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மும்பையில் தாராவியை ஒட்டியுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப் இதற்குத் தக்க சான்றாகும். தமிழர் பலர் தலைமுறைகளாக வாழும் பகுதி அது. பெயரில் 'கேம்ப்' இருப்பினும் அங்குக் கூடாரமும் இல்லை, புறப்பாடும் இல்லை. அதன் அண்மையில், 1898இல் நிறுவப்பெற்ற பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்காத் திட்டப் பகுதியில், பார்சி காலனி, இந்து காலனி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இரு பகுதியினரும் நிலைகுடிகளே. ஆகவே, இப்பெயர்களின் அளவில் வேறுபாடு தங்கும் காலத்தைப் பற்றியதன்று, தங்குவோரைப் பற்றியது. சமூகத்தால் சுட்டப்பட்டோரின் இருப்பிடம் 'காலனி'. உழைப்பால் மட்டும் சுட்டப்பட்டோரின் இருப்பிடம் 'கேம்ப்'.

தமிழகத்தில் இம்மதிப்பு மாறுபடுகிறது. நகர்ப்புறத்தில் 'காலனி' நடுத்தர வகுப்பினரின் குடியிருப்பையும் குறிக்கும். ஊர்ப்புறத்திலோ அது ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதிக்குப் பெயராயிற்று. 'ஊர்–சேரி' என்னும் பழைய எதிர்நிலையே 'ஊர்–காலனி' என மறுவடிவம் கொண்டது எனலாம். இவ்விழிவுப் பொருள் கருதியே, அச்சொல் அரசு ஆவணங்களினின்றும் பொதுப் புழக்கத்தினின்றும் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

'முகாம்' என்னும் சொல்லுக்கு அத்தகைய கவனம் வாய்க்கவில்லை. 1983 முதல் இலங்கையினின்று வந்த தமிழர் தங்கவைக்கப்பட்ட இடங்கள், 2021இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. 'அகதிகள்' என்பது நீங்கியது, 'முகாம்' நின்றது. அங்கேயே பிறந்து வளர்ந்தோரையும் அச்சொல் நேற்று வந்திறங்கியவராகவே காட்டுகிறது.

இந்நிலையில் 'லேபர் கேம்ப்' என்பதனை 'தொழிலாளர் முகாம்' எனப் பெயர்த்தால், நிலைகுடிகள் வந்துபோவோர் ஆகிவிடுவர். 'உழைப்பு முகாம்' எனின், கைதிகளைக் கட்டாய வேலையில் ஈடுபடுத்தும் இடம் எனப் பொருள் திரியும். ஆங்கிலத் தொடருக்கு அப்பொருளும் உண்டு. 'தொழிலாளர் காலனி' என்பதோ மும்பை வழக்கு காக்கும் வேறுபாட்டை அழித்து, தமிழக வாசகரிடம் வேறொரு குறிப்பை ஏற்றும்.

எனவே இடப்பெயராக வரும்போது 'லேபர் கேம்ப்' என ஒலிபெயர்த்து, முதல் முறை மட்டும் 'தொழிலாளர் குடியிருப்புப் பகுதி' என விளக்கம் தருவதே பொருத்தமாகும். பொதுப்பெயராக வருமிடத்து, வாழ்வோர் யார், எத்துணைக் காலமாக வாழ்கின்றனர், பெயரிட்டவர் யார் என்னும் மூன்றும் அறிந்த பின்னரே நிகரனைத் தெரிதல் வேண்டும். சொல்லின் வேர்ப்பொருள் இதற்குத் துணை செய்யுமேயன்றி, முடிவு செய்யாது. குடியிருக்கும் உரிமை வழக்காகும் இடங்களில், 'முகாம்' என்னும் ஒரு சொல் வாழ்வோரின் நிலைபேற்றையே ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.