வசியமா அறிதுயிலா? – ஒரு கேசட்டை வாசித்தல்

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. 1994இல் நாகர்கோவில் மணிமேடை பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறையில் வைத்துத் தரப்பட்டது. கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான். இப்போது போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. ஆனால் அதிலுள்ள வாசகங்கள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். இமைகள் கனக்கின்றன என்று தொடங்கி, சிகரெட் உங்களுக்கு வேண்டாத பொருள் என்று முடியும் இருபத்தைந்து நிமிடப் பேச்சு. அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரை. கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும்தான் வாசிப்பு என்று யாரேனும் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தால் அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பலித்தது. பதினேழு வருடப் பழக்கம், தினம் ஒன்றரைப் பாக்கெட் சிசர்ஸ். லாட்ஜ் படியிறங்கிய பிறகு நான் தொடவில்லை. என்னோடு வந்த கம்பாசிட்டர் அண்ணாச்சிக்குப் பலிக்கவில்லை. கோட்டாரில் ஒரு லெட்டர்பிரஸில் அச்சுக் கோர்த்தவர். நாங்கள் நடத்திய சிறுபத்திரிகையின் ஏழு இதழ்களும் அவர் கைபட்டு வந்தவை. 2003இல் நுரையீரலில் புற்று வைத்து இறந்தார். ஒரே அறை, ஒரே குரல், ஒரே நாள். எனக்குப் பலித்ததை மட்டும் வைத்து எழுதினால் இது விளம்பரம். அவருக்குப் பலிக்காததை மட்டும் வைத்து எழுதினால் பகுத்தறிவுப் பிரசுரம். இரண்டையும் சேர்த்து வைத்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லாட்ஜ் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'ஹிப்னாடிசம்' என்றும் அடைப்புக்குறிக்குள் 'மனவசியம்' என்றும் இருந்தது. கலைச்சொல்லாக்கக்காரர்கள் 'அறிதுயில்' என்பார்கள். வசியம் நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். மையும் தகடும் மந்திரவாதியும் அதற்குள் இருக்கிறார்கள். வசியம் செய்பவர் ஒருவர், செய்யப்படுபவர் இன்னொருவர்; வினை முழுதும் முன்னவருடையது. அறிதுயில் அப்படியல்ல. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருப்பது அறிதுயில். உறங்குவதும் அவரே, அறிவதும் அவரே. இரண்டு சொற்களுக்கும் இடையிலிருப்பது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமல்ல, அதிகாரம் யாரிடம் என்கிற வழக்கு.

இந்த வழக்கு ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு மேலாக நடந்தது. மெஸ்மர் தன் உடலிலிருந்து ஒரு காந்தத் திரவம் நோயாளிக்குள் பாய்கிறது என்றார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த விசாரணைக் குழு – பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியேயும் அதில் இருந்தார்கள் – திரவமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் நோயாளியின் கற்பனை என்று தீர்ப்பெழுதியது. கற்பனைக்கு இவ்வளவு சக்தி உண்டு என்றால் அதை ஆராய வேண்டாமோ என்று அக்குழு கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டவர் கோவாக்காரர். அபே ஃபாரியா என்று அறியப்படும் அந்தப் பாதிரியார் 1756இல் கண்டோலிமில் பிறந்து பாரிஸுக்குப் போனவர். உறங்க வைக்கிற சக்தி செய்பவரிடம் இல்லை, உறங்குகிறவரிடம்தான் இருக்கிறது என்று 1813 முதல் பாரிஸில் மேடைபோட்டுச் செய்து காட்டினார். 1819இல், அவர் இறந்த வருடம், வெளிவந்த அவருடைய நூல் 'தெளிந்த உறக்கத்தின் காரணம்' பற்றியது. தெளிந்த உறக்கம்! நம்முடைய அறிதுயில் கிட்டத்தட்ட அதுதான். உறக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டே பிற்பாடு, இது உறக்கம் அல்லவே என்று தன் சொல்லையே மாற்றப் பார்த்தார். அதற்குள் சொல் ஊர்சுற்றப் போய்விட்டது.

பஞ்சிமில் 1945இல் ஃபாரியாவுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கைகளை விரித்து அவர் கவிந்து நிற்கிறார், கீழே ஒரு பெண் சாய்ந்து விழுகிறாள். தன்னிடம் சக்தி இல்லை என்று வாழ்நாள் முழுதும் சொன்னவரைச் சக்தி பொழிகிறவராகவே சிலை நிறுத்திவிட்டது. கோட்பாடு ஒரு பக்கம் போகும், சிலை வேறு பக்கம் போகும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

காலனியத்தில் இந்த வித்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் முக்கியம். 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கம்பெனி மருத்துவர் மெஸ்மரிச உறக்கத்தில் ஆழ்த்தி அறுவைச் சிகிச்சை செய்தார். முதல் நோயாளி ஒரு சிறைக்கைதி. அடுத்த வருடமே கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனை. மணிக்கணக்காக நோயாளியின் மேல் கைவீசிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் எஸ்டெய்லின் இந்திய உதவியாளர்கள். நூல் எழுதியவர் எஸ்டெய்ல். குளோரோஃபார்ம் வந்ததும் எல்லாம் அடங்கிப்போயிற்று. நோயாளிகளுக்கு வலி குறைந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி மருத்துவர் முன் படுத்திருக்கும் கைதிக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வாய் இருந்ததா?

பகுத்தறிவு முகாமிலும் இந்தக் கேள்வியை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்பதாகவே எனக்குப் படுகிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் வட்டத்தில் கைமாறி வாசித்தவை ஆபிரகாம் கோவூரின் (1898–1978) புத்தகங்கள். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை ஹிப்னாடிசத்தால் குணப்படுத்திய கதைகளை அவர் எழுதினார். அதில் ஒன்றை வைத்து மலையாளத்தில் 'புனர்ஜென்மம்' (1972), தமிழில் 'மறுபிறவி' (1973) என்று படங்களே வந்தன. மந்திரவாதி கையிலிருந்த ஆளை மீட்டவர் என்ற மரியாதை அவர்மேல் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் அந்தக் காட்சியின் கட்டமைப்பைப் பாருங்கள்: ஒருவர் கட்டளையிடுகிறார், பெரும்பாலும் ஒரு பெண் கண்மூடிக் கேட்கிறாள், பேய் போகிறது. மந்திரவாதி எழுந்த நாற்காலியில் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி மாறவில்லை.

இனி லாட்ஜ் அறை. எங்களை உட்காரவைத்து விவரம் கேட்டார். கல்லூரியில் வேலை என்றதும் நான் 'சார்' ஆனேன். பிரஸில் வேலை என்றதும் அண்ணாச்சி 'நீ' ஆனார், அவருக்கு என்னைவிடப் பதினொரு வயது கூடுதல். பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எனக்கு, நீங்கள் தளர்கிறீர்கள். அவருக்கு, நீ தளர்கிறாய். 1970இல் அல்தூசர் எழுதினார்: தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று விளிக்கிறான், திரும்பிப் பார்க்கும் கணத்திலேயே ஒருவன் தன்னிலை ஆகிவிடுகிறான் என்று. அதே 1970இல்தான் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஸ்பீகல் ஒரே அமர்வில் புகையை நிறுத்தும் ஹிப்னாடிச முறையைப் பிரசுரித்தார். புகை உடம்புக்கு நஞ்சு, உடம்பை வைத்துத்தான் வாழ வேண்டும், ஆகவே உடம்பை மதிக்கக் கடன்பட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். எங்கள் கேசட் இதன் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் ஸ்பீகல் முறையில் நோயாளி தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். இங்கே வந்து சேர்ந்தபோது அது 'நீ'யாகிவிட்டது.

படியிறங்கி டீக்கடைக்கு வந்ததும் அண்ணாச்சி சட்டைப் பையைத் தடவினார். "என்ன அண்ணாச்சி, அதுக்குள்ளயா?" என்றேன்.

"நான் உறங்கிப்போட்டேன்டே. ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்தவன்கிட்ட மெத்தை நாற்காலியப் போட்டு உறங்கு உறங்குன்னா என்ன செய்வான்? அவன் சொன்னதுல ஒண்ணு ரெண்டுதான் காதுல விழுந்து. சிகரெட்டு வேண்டாம்னுல்லா சொன்னான். எனக்க பீடியப் பத்தி ஒரு வார்த்த சொன்னானா?"

அன்று சிரித்தோம். இன்று அதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. அப்பிரதி கட்டமைத்த கேட்பாளன் நான்தான்: சிகரெட் பிடிக்கிறவன், சாய்வு நாற்காலியில் உடம்பைத் தளர்த்தத் தெரிந்தவன், வானொலித் தமிழைத் தன் மனசின் மொழியாகவே எடுத்துக்கொள்ளக் கூடியவன். களைத்த உடம்பு அதற்குள் வரவே இல்லை. அறிதுயிலுக்கு விழிப்பு வேண்டும்; கவனத்தை ஒரு புள்ளியில் குவிக்க மிச்சம் வைத்த தெம்பு வேண்டும். அண்ணாச்சியின் தெம்பு முழுவதும் ஈய எழுத்துகளுக்குப் போயிருந்தது. அவர் பீடி வலித்தது எழுத்துப் பெட்டியிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளி நிற்க. முதலாளி டீக்கு விடமாட்டார், பீடிக்கு விடுவார். அந்த ஐந்து நிமிடத்தை யார் ஹிப்னாடிசம் செய்து எடுப்பது?

சிகரெட்டைப் பழக்கமாகவும் பீடியைப் பின்குறிப்பாகவும் பார்க்கிற நோய் நோட்டீஸ்காரர்களுக்கு மட்டுமல்ல. 2016–17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். புகையில்லாமல் மென்றோ அடக்கியோ வைப்பவர்கள் 21.4 சதவீதம். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் என்று திண்ணைதோறும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். புகைக்காமலே புகையிலைத் தூளை மூச்சில் வாங்குகிற அவர்களுடைய உடம்பு எந்த அடிமைத்தன விவாதத்திலும் வருவதில்லை. நாஞ்சில்நாடு திருவிதாங்கூரில் இருந்தபோது யாழ்ப்பாணப் புகையிலை சர்க்கார் ஏகபோகம். மாதவராவ் திவானாக இருந்த 1863இல்தான் அது கைவிடப்பட்டது. இன்று எல்.ஐ.சி. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரர்களில் ஒன்று. ஆயுளுக்கும் காப்பீடு, புகைக்கும் முதலீடு. 2003இலிருந்து சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழக அரசுக்கு 2024–25இல் டாஸ்மாக் வழியாக 48,000 கோடிக்கு மேல் வருவாய். பக்கத்திலேயே, குடி குடியைக் கெடுக்கும் என்ற வாசகம். ஒரே வாய் இரண்டு கட்டளைகளைச் சொல்கிறது. எது ஆழ்மனசுக்குப் போகும் என்று அதற்கு நன்றாகவே தெரியும்.

'அப்போ உமக்கு எப்படி வேய் பலிச்சுது?' என்று கேட்பீர்கள். மழுப்பாமல் சொல்ல முயல்கிறேன். ஹிப்னாடிசத்துக்கு எல்லோரும் ஒன்றுபோல வசப்படுவதில்லை. 1959இல் ஸ்டான்ஃபோர்டில் இதற்கு அளவுகோலே வகுத்தார்கள். நான் சுலபமாக ஆட்படும் ரகமாயிருக்கலாம். (சாமியாடும் குடும்பம் எங்களுடையது. மார்க்சியம் படித்தும் வில்லுப்பாட்டில் உடுக்கு வேகமெடுத்தால் எனக்குக் கால் நிற்காது.) அதே மாதம் என் மகள் பிறந்திருந்தாள் என்பதும் உண்டு. குரல் செய்ததா, மகள் செய்தாளா, கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்ற கணக்குச் செய்ததா, பிரித்தெடுக்க என்னால் முடியாது. காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வு 14 ஆய்வுகளை, 1,926 பேரை எடுத்துப் பார்த்துவிட்டு, பிற ஆலோசனை முறைகளைவிடவோ தானாக விடுவதைவிடவோ ஹிப்னாடிசம் மேலானது என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. பயனே இல்லை என்றும் அது சொல்லவில்லை. நிகோடின் சூயிங்கம், பட்டை, சில மாத்திரைகள், கூடவே பொறுமையாகப் பேசுகிற ஒரு ஆள் – இவற்றுக்கு ஆதாரம் உண்டு. 1994இல் அண்ணாச்சியிடம் இதை யாரும் சொல்லவில்லை. நானும்தான். எனக்குப் பலித்துவிட்டதால், விட மனசில்லாதவர் என்று அவரைப் பற்றி நினைத்தேன். இரண்டொரு கூட்டத்தில் பேசவும் செய்தேன்.

மனசைப் பற்றி அவ்வளவு எழுதிய ஃபிராய்டு ஹிப்னாடிசத்தைக் கற்று, பயன்படுத்தி, பிறகு கைவிட்டவர். 1923இல் தாடையில் புற்று கண்டு முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் சுருட்டை விட அவரால் முடியவில்லை. அவரை மனத்திடமற்றவர் என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசியதாகத் தெரியவில்லை.

இன்று அந்தக் குரல் கைபேசிக்குள் வந்துவிட்டது. செல்போன் அடிமைத்தனத்தை நீக்கும் ஹிப்னாடிசப் பேச்சைச் செல்போனிலேயே காதில் மாட்டிக்கொண்டு படுக்கிறான் என் மருமகன். ரம்மியில் பணம் விட்டவன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதுவரை அவனை ஆடச்சொல்லி அழைத்ததும் இதேபோல மென்மையான, 'நீங்கள்' போடுகிற குரல்தான்.

சுவாமித்தோப்பில் கருவறைக்குள் கண்ணாடி. தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றால் தெரிவது நம் முகம். தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்ட சனங்களுக்கு வைகுண்டர் வழி காட்டிய ஏற்பாடு அது. கண்ணை மூடச் சொல்லவில்லை, திறந்து பார்க்கச் சொன்னது. துவையல் பந்தியில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து இருந்து உண்ணும் முறையையும் குளிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். தனி அறையில் ஒருத்தனை மட்டும் சாயவைத்து மாற்றவில்லை. இதை ஒரு சிகிச்சை முறையாக நான் முன்வைக்கவில்லை. லாட்ஜ் அறைக்கு வெளியிலும் சொல்லின் வழியே மாற்றம் நடந்த இடங்கள் இதே மண்ணில் உண்டு என்று குறித்துவைக்கிறேன், அவ்வளவே.

2002 கடைசியில் இருமல் முற்றியபோது அண்ணாச்சி சொன்னார்: "நீ எழுத்தாளன்லா. அந்தக் கேசட்டுல உள்ளத நம்ம பேச்சுல எழுது. நான் வாசிச்சுக்கிடுதேன்." இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், ஓரத்தில் பிழைதிருத்தக் குறிகள் போட்டுத் தந்தார். ஏழு இடத்தில் 'சிகரெட்'டை வெட்டிப் 'பீடி' என்று போட்டிருந்தார். 'நீங்கள்' வந்த இடமெல்லாம் 'நாம'. 'ஆழ்மனம்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி. அந்தப் படிகள் கேசட்டோடு ஒரே உறையில் இருக்கின்றன. திருத்தங்களைச் சேர்த்துப் புதுப்படி எடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.