துரை பங்களாவின் நீலப் பீங்கான்

நீலப் படம் போட்ட பழைய இங்கிலீஷ் பீங்கான் கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். முன்பக்கம் ஆளை மயக்கும். வயதைச் சொல்வது பின்பக்கம். ‘இங்லண்ட்’ என்று அடித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த வருடம் நடைமுறைக்கு வந்தது. ‘மேட் இன் இங்லண்ட்’ என்றால் இருபதாம் நூற்றாண்டு. சாய்சதுர முத்திரை தெரிந்தால் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவான வடிவம். அப்போது கை கொஞ்சம் நடுங்கினாலும் தப்பில்லை.

கோப்பித் தோட்டக் காலத்தில் இவை இலங்கை மலைநாட்டுக்கு, ரம்பொடைப் பக்கம், மாட்டு வண்டியில் ஏறின. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை விழுங்கி, மலை தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, 1885இல் நானுஓயா வரை ரயில் வந்தது. தோட்டத் துரைமாரின் பங்களாக்களுக்குச் சாமான் வருவது சுலபமாயிற்று. இறைச்சி வைக்கும் பெரிய தாம்பாளம், சூப்புச் சட்டி, தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் வந்தன. எனக்குப் பிடித்தது இவை எதுவுமில்லை. படுக்கையறை மேசையில் இருந்த முகம் கழுவும் கூஜாவும் அகன்ற பேசினும்தான். பைப் வந்ததும் அவற்றுக்கு வேலை போய்விட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு தோட்டங்கள் அரசிடம் போயின. பங்களாச் சாமான்களும் கை மாறின. பேசின் உடைந்து, துணையில்லாத கூஜா பூச்சாடியாக நிற்பதை இன்றும் காணலாம்.

அந்தக் கூஜாவின் கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். கொடியும் இலையுமாக ஓடி வரும் படம் அங்கே சட்டென்று அறுந்து, பாதிப் பூவோடு பாதி இலை ஒட்டி நிற்கும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, கோபால்ட் மையை எண்ணெயில் குழைத்துப் பூசி, மெல்லிய தாளில் எடுப்பார்கள். அந்தத் தாளை வெட்டி, ஒருதரம் சுட்ட மண்பாண்டத்தின் வளைவில் தேய்த்து ஒட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிறகு தாளை நீரில் கழுவிவிட்டு, மேலே கண்ணாடிப் பூச்சு ஏற்றி மறுபடி சூளையில் வைப்பார்கள். அங்கிருந்த குயவர் ஜோசையா ஸ்போட் 1784 வாக்கில் இந்த நீல அச்சைச் சீராக்கினார். தட்டையான தாள் உருண்ட வயிற்றில் எப்படிச் சரியாகப் பொருந்தும்? அந்தப் பொருந்தாத இடத்தில்தான் ஒரு பெண்ணின் கத்தரிக்கோல் தெரிகிறது. அச்சுப் பிசகாத கூஜாவைவிட இது எனக்கு உசத்தி.

வில்லோ என்கிற மரம் வரைந்த தட்டு எல்லாருக்கும் தெரிந்தது: பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு புறா. அதற்குச் சொல்லப்படும் சீனக் காதல் கதை 1849இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. படமோ அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. விற்பனைக்கு வாய்த்த கதை, அவ்வளவுதான். நீலம் வேண்டுமென்றே கலங்கி ஓடும் ‘ஃப்ளோ ப்ளூ’ தட்டுகளுக்கு நல்ல விலை, எனக்கு ஒட்டவில்லை. நுவரெலியாவில் பனிமூட்டத்தை ஜன்னலுக்கு வெளியே வேண்டியமட்டும் பார்க்கலாம், தட்டிலும் எதற்கு?

மலைநாட்டு ஈரம் இந்தப் பாண்டங்களுக்கு எதிரி. உள்மண் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்பும். மேற்பூச்சு உப்பாது, நூல்நூலாக வெடிக்கும். அந்த வெடிப்பில் தேத்தண்ணிக் கறை இறங்கிப் பழுப்பு வலை கட்டும். சிலர் ப்ளீச்சில் ஊறப்போட்டு வெளுக்கிறார்கள்; பூச்சே பெயர்ந்துவிடும். கறை இருக்கட்டும், வயதுக்கு அழகுதான். அலுமாரியில் பூட்டி வைக்காமல் ரொட்டி சாப்பிடவும் எடுக்கலாம். ஆனால் பழைய பூச்சில் ஈயம் உண்டு, புளிப்புப் பட்டால் கரையும். தேசிக்காய் பிழிந்த சம்பலுக்கு வேறு பீங்கான் எடுங்கள்.