நகை கிடைத்தால் கொலையாளி கிடைத்தானா?

தோட்டத்து வீட்டில் தனியே இருந்த முதியவர்கள் நகைக்காகக் கொல்லப்பட்டார்கள் என்று செய்தி வரும். சில வாரங்களில் மேஜைமீது நகைகளைப் பரப்பி வைத்துப் போலீஸார் பேட்டி தருவார்கள். நகை மீட்கப்பட்டதால் வழக்கு உறுதி என்பார்கள். பார்த்த சாட்சி இல்லாத ஆதாயக் கொலை வழக்கில் வேறு எதை வைத்துத் தண்டிப்பது என்று வழக்கறிஞர்களிலேயே சிலர் இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பார்த்தவரையே கொன்றுவிடுவதால் கொலையாளி தப்பிக்க முடியும் என்றால் சட்டம் எதற்கு? இரவோடு இரவாக மாயமான வேலைக்காரரிடம், கொலையுண்டவரின் நகை பின்னர் சிக்கினால் சந்தேகம் வலுக்கத்தான் செய்யும். 1983-இல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தண்டனையை உறுதி செய்தது. தூக்கை மட்டும் ஆயுளாகக் குறைத்தது.

ஆனால் சட்டம் சொல்வது என்ன? திருட்டு நடந்த சற்று நேரத்திலேயே பொருளை வைத்திருப்பவர், கணக்குச் சொல்ல முடியாவிட்டால், திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு தரும் எடுத்துக்காட்டு இவ்வளவுதான். அதில் கொலை என்ற பேச்சே இல்லை. ராஜஸ்தான் கோயில் ஒன்றின் மகந்தும் அவருடைய பணியாளும் கொல்லப்பட்ட வழக்கில், பொருள் கிடைத்ததை மட்டும் வைத்துக் கொலைக்குத் தண்டிக்க முடியாது என்று 1950-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 1995-இல் குலாப் சந்த் வழக்கில், கொலை நடந்த சில நாட்களுக்குள் நகையை விற்றவருக்குக் கொலைக் குற்றத்துக்கான தண்டனை உறுதியானது. கீழமை நீதிமன்றங்கள் இரண்டாவதையே வசதியாகப் பற்றிக்கொள்கின்றன.

என் ஆட்சேபணை இங்கேதான். நகை 'கிடைத்த' விதத்தைப் பாருங்கள். கைதானவர் போலீஸாரிடம் தரும் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். இதுவே பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆவது பிரிவின் அங்கமாகத் தொடர்கிறது. வாக்குமூலத்தில் எப்போதும் ஒரே வாசகம்: 'என்னுடன் வந்தால் மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.' படிக்காத கூலியாளும் பட்டதாரியும் இதே தமிழில் பேசுகிறார்கள். பொருளைக் கைப்பற்றியதாக எழுதப்படும் மகஜரில் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் கையெழுத்திடுகிறார்கள். ஊருக்கு ஊர் விற்கும் ஒரே மாதிரிச் சங்கிலியை, 'அம்மாவுடையதுதான்' என்று கொலையுண்டவரின் மகன் சாட்சிக் கூண்டில் அடையாளம் காட்டுகிறார்.

பிறகு குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக் கேட்கிறார்கள். அவர் 'பொய்' என்கிறார். தீர்ப்பு எழுதுகிறது: நகை வந்த விதத்துக்கு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விளக்கம் தரவில்லை. என்னிடமிருந்து எடுக்கவே இல்லை என்பவர் அது எப்படி வந்தது என்று எதைச் சொல்வார்? அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதை நிரூபணமானதாக வைத்துக்கொண்டு, அதற்கு அவர் பதில் சொல்லாததைக் கொலைக்குச் சான்றாக்குவது நீதியல்ல. கைப்பற்றுதலை வீடியோ எடுக்கச் சொல்லும் புதிய விதியும் முழுத் தீர்வாகாது. கேமரா திறப்பதற்கு முன் காவல் நிலையத்தில் நடந்தது அதில் வராது.

கொடூரம் கூடக் கூட, சான்றில் கறார் குறைகிறது. 2003-இல் நாசிக் பகுதியில் நடந்த கொள்ளை, கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கும் 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கு விதித்தது. உயிர் தப்பிய சாட்சி போலீஸ் ஆல்பத்தில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். 2019-இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அங்கே சறுக்கியது நேரடிச் சாட்சியம். மகஜரை மட்டும் நம்பும் வழக்கில் இன்னும் எத்தனை சறுக்கும்?

நீதிபதிகள் தீர்ப்பில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எழுத வேண்டும். பொருள் எதிரியின் கையில் இருந்தது என்பது, அவர் சொன்னதை விட்டுவிட்டாலும் நிரூபணமாகிறதா? ஆம் என்றால், அவரைக் கொலை நடந்த இடத்தோடு இணைப்பது எது: கைரேகையா, ரத்தமா, அன்றிரவு அவரைக் கண்டவரா? இரண்டாவதற்கு விடை இல்லையென்றால் திருட்டுக்கோ, திருட்டுப் பொருளை வாங்கியதற்கோ தண்டியுங்கள். கொலைக்குத் தண்டிக்காதீர்கள். தவறான ஆளைத் தூக்குமேடைக்கு அனுப்பும்போது, அந்த முதியவர்களைக் கொன்றவன் வெளியே நடமாடுகிறான்.