காரின் மேல் எழுதியிருக்கும் பெயர்கள்

நரேன் கார்த்திகேயனின் 2005ஆம் ஆண்டு ஜோர்டான் கார் என்றதும் அதன் மஞ்சள் நிறம்தான் முதலில் ஞாபகம் வரும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஓட்டிய கார் அது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் மிஷ்லின் டயர் போட்ட அணிகள் விலகிக்கொள்ள, ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அந்த மஞ்சள், 1990களில் பென்சன் அண்டு ஹெட்ஜஸ் சிகரெட் பணத்தோடு ஜோர்டான் அணிக்கு வந்த நிறம். வீடியோ கேமில் அந்தக் காரை வரைகிறவர் சிகரெட்டின் பெயரை அழித்துவிடலாம். நிறத்தை என்ன செய்வார்?

விளம்பரதாரர் பெயர்களைக் கேமிலும் உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும் என்று ரசிகர்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு. யார் பணத்தில் பந்தயம் நடந்தது என்பதற்கு அந்தக் கார்தான் சாட்சி. 2011இல் நரேன் ஓட்டிய எச்.ஆர்.டி. காரில் டாடா பெயர் இருந்தது. அறிமுகமானபோது அதே காரில் விளம்பரதாரர் கிடைக்காத இடங்களில், இது உங்கள் இடமாக இருக்கலாம் என்ற பொருளில் வாசகம் எழுதியிருந்தார்கள். அணியின் வறுமையை அதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிப்பட்டியலும் சொல்லாது. அதைத் துடைத்துவிட்டு வெற்று வெள்ளையாகக் காட்டினால் அந்தக் காரின் கதையே போய்விடும்.

மஞ்சக்குட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி மேசையில் ஸ்டியரிங்கைத் திருகி வைத்து அசெட்டோ கோர்ஸா என்ற கார்ப்பந்தய கேம் ஆடுகிறவன். நடிகர் அஜித் குமாரின் பந்தய அணி ஓட்டிய போர்ஷேக்கு அவனே ஒரு ஸ்கின், அதாவது கேமில் காரின் மேல் போர்த்தும் படம், போட்டான். 2024 அக்டோபரில் அந்தக் காரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் லோகோ வந்ததும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அவன் வரைந்த தட்டையான படத்தில் சரியாக உட்கார்ந்த லோகோ, காரின் மேல் ஏறியதும் கதவும் மட்கார்டும் சேரும் இடத்தில் இழுபட்டது. மறுபக்கம் எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிக்கொண்டது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைந்து, பந்தயப் படங்களைப் பெரிதாக்கி ஒப்பிட்டுச் சரிசெய்தான். லாபம் இல்லாத இந்த உழைப்பைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் தொடாத நம் ஊர்ப் பெயர்கள் இவனைப் போன்றவர்களால்தான் திரைக்கு வருகின்றன.

சிக்கல் சிகரெட்டிலும் மதுவிலும் சூதாட்டத்திலும் இருக்கிறது. 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற மெக்லாரன், ‘எஃப்1 2017’ கேமில் சிவப்பு வெள்ளையாக வந்தது. மார்ல்பரோ என்ற எழுத்து மட்டும் இல்லை. வில்லியம்ஸ் காரில் மார்ட்டினி மதுவின் கோடுகள் இருந்தன, பெயர் இல்லை. இதை வரலாற்றுத் திரிபு என்று கோபப்படுகிறவர்கள், நிஜ அணிகளே அப்படித்தான் செய்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். புகையிலை விளம்பரம் கூடாத நாடுகளில் ஜோர்டான் காரில் சிகரெட் பெயருக்குப் பதில் ‘பஸ்ஸின் ஹார்னெட்ஸ்’ என்று எழுதியிருந்தது. ஃபெராரி 2010 மே வரை மார்ல்பரோ பெயருக்குப் பதில் பார்கோடு போன்ற கோடுகளோடு ஓடியது. ஆகவே உண்மையான கார் எது என்றால், எந்த நாட்டில், எந்த வாரத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரே தோற்றத்தை ஒட்டிவிடுவதுதான் என் கண்ணில் பெரிய பிழை. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பத்து வயதுப் பிள்ளை கையில் எடுக்கும் விளையாட்டில் சிகரெட் பெயர் வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் புகையிலையை அழித்துவிட்டுச் சூதாட்டப் பணத்தை விட்டுவைப்பது என்ன நியாயம்? 2024இல் சாபர் அணியின் பெயரிலேயே ஸ்டேக் என்ற சூதாட்ட நிறுவனம் இருந்தது. தடை உள்ள நாடுகளில் அந்த இடத்துக்குக் கிக் என்ற பெயர் வந்தது. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்த பிறகு 2022இல் அதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. சிகரெட்டுக்கு ஒரு நீதி, சூதாட்டத்துக்கு ஒரு நீதி இருக்கக் கூடாது.

கேம் நிறுவனங்கள் பெயரை நீக்கட்டும். நீக்கியதைச் சொல்லவும் செய்யட்டும். இந்த இடத்தில் ஒரு சிகரெட் நிறுவனத்தின் பெயர் இருந்தது, இன்ன காரணத்தால் எடுத்தோம் என்று காரின் விவரப் பக்கத்தில் இரண்டு வரி போதும். ஸ்கின் போடும் தம்பிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கோப்போடு எந்த ஆண்டு, எந்தப் பந்தயம் என்று குறித்து வையுங்கள்.