புதிய ஏர் பிஸ்டல் குறி தவறுவது ஏன்?

10 மீட்டர் போட்டிக்கென்று வாங்கிய புதிய ஏர் பிஸ்டல் தாளின் நடுவை விட்டு ஒரே பக்கம் ஒதுங்கிச் சுட்டால், பெரும்பாலும் அதன் குழலில் குற்றம் இருக்காது. இந்தத் தரத்துப் பிஸ்டல்களைச் செய்பவை ஆஸ்திரியாவின் ஸ்டேயர், சுவிட்சர்லாந்தின் மொரீனி, இத்தாலியின் பார்தீனி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற சில நிறுவனங்களே. பிஸ்டலை இறுக்கிப்பிடியில் பொருத்தி, 10 மீட்டரில் சுட்டுப் பார்த்த அட்டை ஒன்று பெட்டிக்குள்ளேயே வருவது வழக்கம். சில குண்டுகள் ஒரே துளையாக விழுந்திருப்பதை அதில் காணலாம். குண்டின் விட்டம் 4.5 மி.மீ., பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. துளை முழுவதும் அந்த வளையத்துக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது.

அந்த அட்டை உறுதிசெய்வது குண்டுகள் ஓரிடத்தில் குவியும் என்பதை மட்டுமே. அந்த இடம் தாளின் நடுவாக இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை. இறுக்கிப்பிடிக்குக் கண் கிடையாது, அது சைட்டைப் பார்த்துச் சுடுவதுமில்லை. வாங்கியவரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்பச் சைட்டை வைப்பது அவருடைய வேலை. குறி தவறுகிறது என்ற புகாரை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். குண்டுகள் எவ்வளவு பரவி விழுகின்றன என்பது ஒன்று; அந்தப் பரவலின் மையம் எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. மையம் விலகியிருந்தால் அதைத் திருத்தச் சைட் உண்டு. பரவலைச் சைட்டால் திருத்த முடியாது.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. இரண்டு குண்டு இடப்பக்கம் போனதும் சைட்டை வலப்பக்கம் திருப்புகிறார்கள். அடுத்த இரண்டு வலப்பக்கம் போனதும் திரும்ப இடப்பக்கம் கொண்டுவருகிறார்கள். ஒருவர் சுடும் குண்டுகள் பக்கவாட்டில் 8 மி.மீ. திட்ட விலக்கத்தோடு சிதறுவதாகக் கொள்வோம். ஐந்து குண்டுகளின் சராசரி உண்மையான மையத்திலிருந்து 3.6 மி.மீ. அளவுக்குத் தற்செயலாகவே விலகியிருக்கக்கூடும். பத்துக் குண்டு சுட்டால் இது 2.5 மி.மீ. ஆகக் குறையும், இருபது சுட்டால் 1.8. பத்துக் குண்டாவது விழாமல் சைட் திருகைத் தொடக்கூடாது என்று பயிற்சியாளர்கள் கண்டிப்பாகச் சொல்வதன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது. கைதவறிப் போன குண்டு என்று சுட்ட கணமே தெரிந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். தாளைப் பார்த்த பிறகு பிடிக்காத குண்டை விலக்குவது ஏமாற்று.

மையம் உண்மையாகவே விலகியிருந்தால், குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே பின்சைட்டை நகர்த்த வேண்டும்; முன்சைட்டை நகர்த்துவதென்றால் எதிர்ப்பக்கம். திருகில் உள்ள எழுத்துகளை அப்படியே நம்பிவிட முடியாது. சில ஜெர்மன் தயாரிப்புகளில் அந்த எழுத்து, குண்டு எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கும். வேறு சிலவற்றில் குண்டு எங்கே போகவேண்டும் என்பதைக் குறிக்கும். ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டால் ஒவ்வொரு திருத்தமும் பிழையை இரட்டிப்பாக்கும். திருகைத் தாராளமாக ஒரு பக்கம் திருப்பி, இன்னொரு பத்துக் குண்டு சுட்டு, குவியல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து குறித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

சைட்டில் நேரும் பிழையின் அளவை அறிந்தால் அதற்கு ஏன் இவ்வளவு கவனம் என்பது விளங்கும். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே 350 மி.மீ. தொலைவு என்று வைத்துக்கொண்டால், பின்சைட்டின் பள்ளத்தில் முன்சைட் 1 மி.மீ. ஒதுங்கும்போது குண்டு தாளில் 28 மி.மீ.க்கும் அதிகமாக ஒதுங்கும். பத்தாக விழவேண்டியது ஏழாகிவிடும். ஆனால் சைட் இரண்டும் சரியாக ஒன்றியிருக்க, கை முழுவதும் 1 மி.மீ. அசைந்தால் குண்டும் 1 மி.மீ. மட்டுமே அசையும். அதனால்தான் கண்ணின் கூர்மை தாளில் உள்ள கறுப்பு வட்டத்தின்மேல் அல்லாமல் முன்சைட்டின்மேல் இருக்கவேண்டும். வட்டம் மங்கலாகத் தெரிவதே சரி. அதைத் தெளிவாகப் பார்க்க முனையும் கண் முன்சைட்டை விட்டுவிடுகிறது, குண்டுகள் காரணம் தெரியாமல் எல்லாப் பக்கமும் பரவுகின்றன.

புதிய பிஸ்டலில் மிகுந்த நேரத்தைக் கேட்பது பிடிதான். வால்நட் மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுகளில் வருகிறது. எந்தக் கையும் அப்படியே அதில் பொருந்திவிடுவதில்லை. சோதிக்கும் முறை எளிது. பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை உயர்த்தி, வழக்கமாகச் சுடும் நிலைக்குக் கொண்டுவந்து கண்ணைத் திறக்க வேண்டும். முன்சைட் பள்ளத்தின் நடுவில் நின்றால் பிடி பொருந்தியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால், சுடுபவர் மணிக்கட்டை வளைத்து அதை நேராக்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ட்ரிகரை அழுத்தும் கணத்தில் அந்த வளைவு தளர்கிறது, பிஸ்டல் தன் இயல்பான பக்கம் திரும்புகிறது. இப்படி வரும் விலகலைச் சைட்டைத் திருப்பிச் சரிசெய்தால் அன்றைக்குச் சரியாகும். கை களைத்ததும் மீண்டும் விலகும். பிடியின் கோணத்தை மாற்றுவதும், உள்ளங்கைத் தாங்கியை ஏற்றி இறக்குவதும், உறுத்தும் இடத்தை அரத்தால் தேய்ப்பதும், வெற்றிடத்தை மரப்பசையால் நிரப்புவதுமே நிலையான மருந்து. மணிக்கட்டைத் தாங்கும்படி பிடி அமையக்கூடாது என்பதும், முழுப் பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதும் பன்னாட்டுத் துப்பாக்கிச்சுடுதல் கூட்டமைப்பின் விதிகள். தேய்க்கும்போதே இவற்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பொருந்தாத பிடி இன்னொரு பிழையையும் மறைவாகக் கொண்டுவருகிறது: பிஸ்டல் சாய்ந்து நிற்பது. 10 மீட்டரைக் கடக்கும் குண்டு புவியீர்ப்பால் 2 செ.மீ.க்குச் சற்று மேல் கீழிறங்குகிறது. போதாததற்கு, கறுப்பு வட்டத்துக்கு அடியில் வெள்ளை தெரியும்படி குறிவைத்து நடுவில் சுடுவதே இப்போட்டியின் வழக்கம். இவ்விரண்டையும் ஈடுகட்டக் குழல் பார்வைக்கோட்டைவிட மேல்நோக்கி இருக்கிறது. பிஸ்டல் 5 பாகை வலப்பக்கம் சாய்ந்தால் அந்த மேல்நோக்கும் சாய்கிறது. குண்டு 5, 6 மி.மீ. வலப்பக்கம் போகும். சைட் சரியாகப் பொருந்தியிருப்பதாகவே கண்ணுக்குத் தெரிவதால் இதைச் சுடுபவரால் உணர முடியாது. பின்னால் நின்று பார்க்கும் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது ட்ரிகர். ஏர் பிஸ்டலில் அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. பழைய பிஸ்டலிலிருந்து மாறுபவருக்கு ட்ரிகர் விரலுக்கு எட்டும் தொலைவும், இரண்டாம் கட்ட அழுத்தம் தொடங்கும் இடமும் புதிதாக இருக்கும். விரல் நேர்பின்னாக இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளினால் குழலின் வாயும் திரும்பும். வலக்கையால் சுடுபவர் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடப்பக்கம் கீழே போகும் என்பது பயிற்சிக்கூடங்களின் சுவரில் தொங்கும் வட்டப் படத்தில்கூட எழுதியிருக்கும். அந்தப் படத்தை அளவோடுதான் நம்ப வேண்டும். சைட்டும் பிடியும் சரி என்று உறுதியான பிறகே அது பயன்படும். அதற்கு முன் அதை வைத்து விரலைக் குற்றம் சாட்டினால், பொருந்தாத பிடியின் பழி விரலின்மேல் விழும். குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகும் வசதி இவ்வகைப் பிஸ்டல்களில் உண்டு. வெறும் சுவரைப் பார்த்து அப்படி அழுத்தும்போது முன்சைட் துள்ளினால் காரணம் விரலில் இருக்கிறது.

குண்டாகப் பயன்படும் பெல்லட்டின் பங்கு குறைவு, ஆனால் உண்டு. தலையின் விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் பிரித்து விற்கப்படுகிறது. எந்த அளவு எந்தக் குழலுக்கு ஒத்துவரும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவும் இறுக்கிப்பிடியில் வைத்துச் சுட்டால் மட்டுமே வேறுபாடு புலப்படும், கையில் பிடித்துச் சுட்டால் கையின் அசைவு அதை மூடிவிடும். காற்றழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் 200 பார் வரை நிரப்பப்படுகிறது. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை விடுகிறது. சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போனதும் வேகம் குறையும். விநாடிக்கு 150 மீட்டரிலிருந்து 140 ஆனாலே குண்டு ஏறத்தாழ 3 மி.மீ. கூடுதலாக இறங்கும். நேரம் போகப்போகக் குவியல் கீழே நகர்ந்தால் முதலில் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும்.

கருவியில் தேட வேண்டியவை சிலவே: சைட், பிடி, எடைக்கட்டி ஆகியவற்றின் திருகுகள் தளர்ந்திருப்பது, குழலின் வாயில் ஈயத்தூள் படிந்திருப்பது, வாய்ப்பகுதியிலுள்ள காற்றுப் பிரிப்பானில் குண்டு உரசுவது. உரசினால் அவ்வப்போது ஒரு குண்டு மட்டும் தொலைவில் போய் விழும். துளையின் விளிம்பு ஒரு பக்கம் கிழிந்திருக்கும். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதானது. சரிசெய்வதில் நேரம் போய், 575 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் நின்று இறுதிச் சுற்றை இழந்தார். இயந்திரக் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வரும். பிஸ்டலை நிறுத்திவிடும், அல்லது குண்டுகளைத் தாறுமாறாக்கும். நாள்தோறும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகுவது அதன் இயல்பு அல்ல.

தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்வதும் நல்ல சோதனைதான். அவருடைய கையும் கண்ணும் வேறு என்பதால் அவர் குவியலின் இடம் பொருட்டல்ல, அகலமே பொருட்டு. அவரிடமும் அகலமாகவே விழுந்தால், பிஸ்டலின் உடலை இறுக்கிப்பிடியில் பொருத்தி, குழலை எதுவும் தொடாதபடி விட்டு, ஒரே தொகுதிப் பெல்லட்டால் சுட வேண்டும். பெட்டியில் வந்த அட்டையைவிடத் துளை தெளிவாகப் பெரிதாக இருந்து, வேறு பெல்லட்டிலும் அப்படியே தொடர்ந்தால் பிஸ்டலைத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம். கூடவே இரண்டு அட்டைகள், பெல்லட்டின் பெயரும் தொகுதி எண்ணும், சுட்டபோது இருந்த சிலிண்டர் அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், பழுது பார்ப்பவர் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய நேராது.