பலமுறை சிதறும் ஒளி: சந்திரசேகரின் நூல் பற்றி ஒரு திறனாய்வு

வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று மாணவன் கேட்டால், 1871இல் இராலே கண்ட விடையையே நாம் கூறுகிறோம். காற்றிலுள்ள நுண்பொருள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்பதே அது. விடை சரியே, ஆயினும் முழுமையானதன்று. ஒருமுறை சிதறிய ஒளியை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. மீண்டும் மீண்டும் சிதறும் ஒளியின் கணக்கை முறைப்பட வகுத்த பெருமை, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்னும் ஆங்கில நூலுக்கு உரியது.

அக்கணக்கின் தேவையைக் காட்டுவது தளவிளைவு. அஃதாவது, ஒளியின் அதிர்வு ஒரு தளத்தில் ஒழுங்குபடுதல். இராலேயின் கணக்குப்படி, சூரியனின் திசையிலும் அதன் நேரெதிர்த் திசையிலும் மட்டுமே தளவிளைவு இல்லாதிருத்தல் வேண்டும். ஆனால் அரகோ 1809இலும், பாபினே 1840இலும், புரூஸ்டர் 1842இலும் கண்டறிந்த தளவிளைவற்ற புள்ளிகள் அத்திசைகளிலிருந்து விலகியே உள்ளன. காரணம் என்ன? சூரியன் தாழ்ந்திருக்கையில் அதற்குச் சற்று மேலே நோக்குக. ஒருமுறை சிதறிய ஒளி அங்கே கிடையாக அதிர்கிறது. அடிவானத்தை ஒட்டி இருபுறமிருந்தும் வந்து மறுபடி சிதறும் ஒளியோ நிலைக்குத்தாக அதிர்கிறது. இரண்டும் சமன்படும் இடமே பாபினே கண்ட புள்ளி.

சந்திரசேகர் இதனை ஊகமாக விட்டுவிடவில்லை. ஸ்டோக்ஸ் 1852இல் வகுத்த நான்கு அளவுகளைக் கையாண்டு சமன்பாடுகளை அமைத்துத் தீர்த்தார். அத்தீர்விலிருந்து அப்புள்ளிகள் தாமாகவே வெளிப்பட்டன. சிறு முரண்பாட்டையும் புறக்கணியாமை அறிவியலின் ஒழுக்கம் அன்றோ!

குறை இல்லாமல் இல்லை. மேற்கூறிய எளிய விளக்கம் சமன்பாடுகளின் நெருக்கத்தில் எளிதில் புலப்படுவதில்லை. பள்ளியாசிரியர் துணையின்றி உட்புகுதல் அரிது. மேலும், இந்நூல் ஒளியின் செறிவுகளையே கூட்டுகிறது. வெவ்வேறு வழிகளில் வரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதைக் கருதுவதில்லை. ஒரே வழியில் முன்னும் பின்னுமாகச் செல்லும் இரு அலைகள், ஒளி வந்த திசையிலேயே திரும்புகையில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொண்டு 1984, 1985ஆம் ஆண்டுகளில் நடத்திய சோதனைகள் இதனை மெய்ப்பித்தன. இதை நூலின் பிழை என்பதினும் எல்லை என்பதே பொருந்தும்.

ஆசிரியர்கள் இராலேயின் விடையைக் கூறுக. ஆனால் அதனோடு பாடத்தை முடித்துவிடலாகாது. அது முதற்படியே என்பதையும், அடுத்த படியை அமைத்தவர் ஒரு தமிழர் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.